ஜெபதாஸ் கூவி விற்ற கோழி

சித்தூர் வெல்ல மண்டியில் ஜெபதாஸின் குரல் தெரியாதவர்கள் கிடையாது. ஏலம் கூவுவது அவர் வேலை. லாரிச் சத்தத்துக்கும் சுமைகாரர்களின் கூச்சலுக்கும் மேலே "ஒகசாரி, ரெண்டு சாரி" என்று அந்தக் குரல் எழும்பினால், மூன்றாம் தரம் கூவுவதற்குள் வியாபாரிகள் முடிவு செய்துவிட வேண்டும். மண்டியில் தெலுங்கில் கூவுவார். வருஷத்தில் ஒரு நாள், அறுப்பின் பண்டிகையன்று, மிஷன் காம்பவுண்டுக் கோயிலில் தமிழில் கூவுவார். சபையார் காணிக்கையாகக் கொண்டுவந்து வைக்கும் பூசணியும் தேங்காயும் கரும்பும் கோழியும் அன்று ஆராதனை முடிந்ததும் ஏலத்துக்கு வரும். காம்பவுண்டு ஜனம் மட்டுமல்ல, கடைத்தெரு ஆட்களும் மண்டி ஆட்களும் வந்து நிற்பார்கள். ஜெபதாஸ் கூவினால் பொருளில் ஏமாற்று இருக்காது என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை.

அந்த நம்பிக்கையை அவர் சும்மா சம்பாதிக்கவில்லை. உடைத்துக் காட்டாமல் அவர் வெல்லத்தைக் கூவ மாட்டார். குவியலின் மேலே இருப்பதை அல்ல, கையை உள்ளே விட்டு அடியில் கிடப்பதை உருவி எடுப்பார். இரும்புக் கம்பியால் ஒரு தட்டு. இரண்டாகப் பிளந்த உருண்டையைத் தலைக்கு மேல் தூக்கி, உள்பக்கத்தைச் சுற்றிலும் காட்டிவிட்டுத்தான் வாயைத் திறப்பார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ரங்கையாவின் வெல்லத்தை அப்படித்தான் உடைத்தார். ரங்கையா பாகாலா பக்கத்து ஊர்க்காரர். சொந்தக் கரும்பு, சொந்தக் கொட்டகை, சொந்தமாகக் காய்ச்சுகிறவர். அந்த முறை மழையில் கொட்டகை ஒழுகி, வெல்லத்தில் ஈரம் ஏறிவிட்டது. வெளியே தங்க நிறமாக இருந்த உருண்டை உள்ளே கறுத்துக் கசகசவென்று இருந்தது.

"இன்னா ரங்கையா," என்றார் ஜெபதாஸ், மண்டி முழுக்கக் கேட்கும்படி. "மேல கல்யாண வேட்டி, உள்ள கிழிஞ்ச கோவணமா?"

மண்டி சிரித்தது. ரங்கையா மழையைப் பற்றி ஏதோ சொல்ல வந்தார், சிரிப்பில் அது கேட்கவில்லை. அன்றிலிருந்து மண்டியில் அவருக்குக் கல்யாண வேட்டி என்றே பெயர். ரங்கையா கோபித்துக்கொள்ளவில்லை. அதற்கப்புறம் அவர் கொண்டுவந்த வெல்லத்தில் ஒரு குறையும் இருந்ததில்லை. ஜெபதாஸ் உடைப்பதற்கு முன்னால் தானே ஒரு உருண்டையை உடைத்து நீட்டுவார். "பாத்தியா, ஒரு தட்டுல ஆளு திருந்திட்டான்," என்று ஜெபதாஸ் வீட்டில் சொல்லிப் பெருமைப்பட்டதுண்டு. அவர் மனைவி லோயிஸ் அப்போது எழுந்து வேலையைப் பார்க்கப் போய்விடுவாள்.

அந்த லோயிஸ்தான் கோழியில் ஏதோ கோளாறு என்று முதலில் கண்டுபிடித்தாள்.

அது சாதாரணக் கோழி அல்ல. காம்பவுண்டில் வீட்டுக்கு வீடு ஒரு வழக்கம் உண்டு. குஞ்சு பொரித்து வளர ஆரம்பித்ததும் அதில் நன்றாக இருக்கும் ஒன்றைப் பிடித்துக் காலில் நூல் கட்டி, "இது கோயிலுக்கு" என்று விட்டுவிடுவார்கள். அறுப்பின் பண்டிகைக்கு அதைத்தான் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிறம். ஜெபதாஸ் வீட்டு நூல் நீலம். நீல நூல் கோழி எந்த வாசலில் மேய்ந்தாலும் யாரும் விரட்ட மாட்டார்கள்.

மாம்பழக் காலம் முடிகிற சமயம். ஒருநாள் காலையில் கூடையைத் திறந்த லோயிஸ் கோழியைக் கையிலெடுத்தாள். இராத்திரி முழுக்க ஒன்றும் தின்னாத கோழிக்குக் கழுத்தடியில் இருக்கும் தீனிப்பை காலையில் காலியாக இருக்க வேண்டும். இதற்கு ஒரு எலுமிச்சம்பழத்தை விழுங்கியதுபோலக் கெட்டியாக இருந்தது.

"மாங்கொட்டைய சப்பிச் சப்பித் தூக்கிப் போட்டீங்களே, அந்த நாரையெல்லாம் துன்னுட்டு வந்துருக்குது பாருங்க," என்றாள்.

நல்லெண்ணெய் சில சொட்டு வாயில் விட்டு, பையை விரல்களால் மெல்ல மெல்லத் தடவிக் கொடுத்தார்கள். தீனியை நிறுத்தித் தண்ணீர் மட்டும் வைத்தார்கள். மறுநாள் கட்டி இளகியது. அதற்கு மறுநாள் பை வடிந்து, கோழி ஒன்றும் நடக்காததுபோல மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. நல்லதாகிவிட்டது என்று நினைத்தார்கள். ஒரு வாரத்தில் மறுபடியும் வீங்கியது. இந்த முறை எலுமிச்சை அல்ல, சாத்துக்குடி. மறுபடி எண்ணெய், மறுபடி தடவல், மறுபடி வடிந்தது, மறுபடி வீங்கியது. இப்படியே போய், கடைசியில் பை கெட்டியாகக்கூட இல்லாமல் தண்ணீர்ப் பை மாதிரித் தொளதொளவென்று தொங்க ஆரம்பித்தது. வாயைத் திறந்தால் புளித்த மாவு வாடை.

மாட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார் ஜெபதாஸ். அங்கிருந்த டாக்டரம்மா பையை அமுக்கிப் பார்த்துவிட்டு, புளிப்புக்கு மருந்து கொடுத்தாள். "ஒருதரம் அடைச்சுப் பை இழுத்துக்கிச்சு. இனிமே அது பழைய மாதிரி சுருங்காது. கொஞ்சம் கொஞ்சமா மெத்துனு தீனி வைங்க. புல்லு, நாரு காட்டாதீங்க. துணியால பையைத் தாங்கிக் கட்டி விட்டா ரொம்ப நாள் இருக்கும். ஆனா காலையில காலையில நீங்க பாத்துக்கினே இருக்கணும்," என்றாள்.

மருந்தில் வாடை போயிற்று. பை போகவில்லை. அறுப்பின் பண்டிகையும் நெருங்கிவிட்டது.

"வேற கோழியக் குடுத்துடலாம்," என்றாள் லோயிஸ். "அந்தக் கறுப்புப் பெட்டை நல்லா இருக்குது. பாஸ்டர் ஐயாகிட்ட விஷயத்தச் சொல்லிட்டுக் குடுங்க."

ஜெபதாஸ் யோசித்தார். காம்பவுண்டுக்கே தெரிந்த நீல நூல் கோழி. இப்போது வேறு ஒன்றைக் கொண்டுபோனால், நல்லதை வைத்துக்கொண்டு மட்டத்தைத் தள்ளிவிட்டான் என்று யாராவது வாயில் போட்டு மெல்லுவார்கள். உடைத்துக் காட்டுகிற ஜெபதாஸ் கோயிலில் கோழியை மாற்றினான் என்ற பேச்சு மண்டிவரைக்கும் போகும். அதை நினைத்தாலே அவருக்கு உடம்பு கூசியது.

"இதத்தான் கோயிலுக்குன்னு விட்டோம். இதத்தான் குடுக்கணும்," என்றார்.

"அப்ப சீக்குன்னு சொல்லிக் குடுங்க."

"ஆண்டவருக்குச் சீக்குக் கோழின்னு மைக்ல சொல்லச் சொல்றியா?"

லோயிஸ் கூடையை மூடினாள். பிறகு உள்ளே போய்விட்டாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவள் எடுக்கவேயில்லை. எடுத்துச் சண்டை போட்டிருந்தால் தேவலை என்று ஜெபதாஸுக்குப் பின்னால் தோன்றியது.

பண்டிகையன்று கோயில் வாசலில் கரும்பு கட்டியிருந்தார்கள். அது ரங்கையா கொண்டுவந்த கரும்பு. அவர் சபையார் இல்லை. ஆனாலும் கோயில் கமிட்டி கேட்டதால் வேனில் ஏற்றிவந்து இறக்கிவிட்டு, ஏலம் பார்க்க நின்றிருந்தார்.

பூசணி போயிற்று, வாழைத்தார் போயிற்று. கோழிகளின் முறை வந்தது. நீல நூல் கோழியை ஜெபதாஸ் இடதுகையில் எடுத்தார். எடுத்த விதத்தை அவர் முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கவில்லை. ஆனால் கை தானாகவே கோழியின் மார்படியில் போய், தொங்கும் பையை உள்ளங்கைக்குள் ஏந்திக்கொண்டது. மேலே இறகு மூடியிருந்தது. பார்க்கிறவர்களுக்கு ஒரு கொழுத்த பெட்டைதான் தெரிந்தது.

"கோழி. பெட்டை. கேளுங்க," என்றார். அவ்வளவுதான் சொன்னார். பொய் சொல்லவில்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

மண்டியில் லாரி புக்கிங் பார்க்கும் ஸ்டீவன் அதை ஏலத்தில் எடுத்தான். எடுத்தவன் கோழியை வாங்காமல் கையை உயர்த்தி, "திரும்ப ஏலம்," என்றான். அதுவும் அங்கே வழக்கந்தான். காணிக்கை பெருகட்டும் என்று, எடுத்தவர்கள் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அதே பொருள் மறுபடி ஏலத்துக்கு வரும். ஜெபதாஸ் இந்த வழக்கத்தை எத்தனையோ முறை உற்சாகமாக நடத்தியிருக்கிறார். அன்று குரலை உயர்த்தவேயில்லை.

"பெட்டைக் கோழி. கேளுங்க."

"இன்னாண்ணா, வாயில கொழுக்கட்டையா?" என்றான் ஸ்டீவன். "மண்டியில அடுத்தவன் வெல்லத்துக்கு அந்தக் கத்து கத்துற. உன் சொந்தக் கோழிக்குக் குரல் வரலியா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஜெபதாஸுக்கு முகம் சூடாயிற்று. கூட்டத்தைப் பார்த்ததும் பழக்கம் முந்திக்கொண்டது. "கனமான கோழி, கையில எடுத்தா தெரியும், முட்டை வைக்கிற பருவம்," என்று குரல் தானாக எழும்பியது. யாரோ எடுத்தார்கள். அவர்களும் திருப்பிக் கொடுத்தார்கள். மூன்றாவது முறை அவர் இன்னும் உரக்கக் கூவினார். "என் வீட்ல, என் கையால தீனி போட்டு வளத்த கோழி. குறை சொல்ல முடியாது." நிறுத்த முடியவில்லை. கோழியின் பை அவர் உள்ளங்கையில் வெதுவெதுவென்று அசைந்தது.

அந்த முறை கேட்டது ரங்கையா.

"ஒரு தரம். ரெண்டு தரம்." ஜெபதாஸ் சுற்றிலும் பார்த்தார். வேறு யாராவது கேட்க மாட்டார்களா என்று பார்த்தார். யாரும் கேட்கவில்லை. "மூணு தரம்."

ரங்கையா முன்னால் வந்தார். பக்கத்தில் நின்ற ஒருத்தர், "தூக்கிப் பாத்து வாங்கு," என்றார்.

"ஜெபதாஸ் அண்ணா கூவுன பொருள நான் எதுக்குத் தூக்கிப் பாக்கணும்?" என்றார் ரங்கையா. கொண்டுவந்திருந்த கூடையை நீட்டினார். ஜெபதாஸ் கோழியை அதில் இறக்கிவிட்டு மூடியைத் தானே மூடினார்.

பண்டிகைச் சாப்பாட்டில் ஜெபதாஸ் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். லோயிஸ் பக்கத்துப் பந்தியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த சந்தைக்கு ரங்கையா மண்டிக்கு வரவில்லை. வெல்லம் மட்டும் ஊர்க்காரர் வேனில் வந்தது. அதற்கடுத்த சந்தைக்கும் அப்படியே. ஜெபதாஸ் அந்த வெல்லத்தை உடைத்தபோது உள்ளே பொன்னாக இருந்தது. தூக்கிக் காட்டிய கை கனத்தது. கண்டுபிடித்துவிட்டான், என் முகத்தில் முழிக்கப் பிடிக்காமல் ஆள் விட்டு அனுப்புகிறான் என்று நினைத்துக்கொண்டார். உடைத்த உருண்டையை யார் பார்த்தாலும் அவர்கள் தன்னைத்தான் உற்றுப் பார்ப்பதுபோல இருந்தது.

கடைசியில் ஒரு மத்தியானம் கறுப்புப் பெட்டையைக் கூடையில் போட்டுக்கொண்டு பாகாலா பஸ் ஏறினார். சத்தமில்லாமல் மாற்றிக்கொண்டு வந்துவிடலாம் என்பதுதான் எண்ணம். "அது சரியா முட்டை வைக்காது, இது வைக்கும்" என்று ஏதாவது சொல்லிக்கொள்ளலாம்.

ரங்கையா வீட்டு வாசலில் கரும்புச் சக்கை மலைபோல் காய்ந்துகொண்டிருந்தது. அவர் மனைவி கமலம்மா ஜெபதாஸைப் பார்த்ததும் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். அவள் முகம் மாறியது. "வாங்கண்ணா," என்றவள், உள்ளே பார்த்து, "இன்னாங்க, கோயில் அண்ணா வந்துருக்காரு," என்று குரல் கொடுத்தாள்.

ரங்கையா வெளியே வந்தார். அவரும் ஜெபதாஸின் முகத்தைப் பார்க்கவில்லை.

"நானே வரணும்னு இருந்தேன் அண்ணா," என்றார். "எந்த மூஞ்சிய வெச்சிக்கினு வர்றதுன்னு தெரியல."

ஜெபதாஸுக்குப் புரியவில்லை.

கமலம்மாதான் சொன்னாள். "கோழிய நாங்க கெடுத்துட்டோம் அண்ணா. வந்த மறுநாளே இந்தச் சக்கை மேட்டுல ஏறித் துன்னுக்கினு இருந்துச்சு. நான் விரட்டாம விட்டுட்டேன். ராத்திரி பாத்தா கழுத்துல பை தொங்குது. எண்ணெ விட்டேன், தடவுனேன், எறங்குது, திரும்ப ஏறுது. சாமிக்குன்னு விட்ட கோழி. எங்க வீட்டுக்கு வந்த வாரத்துலயே இப்படி ஆயிடுச்சே. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு இவரு மண்டிக்கே வராம கெடக்குறாரு."

சக்கை மேட்டின் ஓரத்தில் ஒரு கூடை கவிழ்த்திருந்தது. ரங்கையா அதைத் தூக்கினார். நீல நூல் கோழி வெளிச்சத்தைப் பார்த்துத் தலையைச் சாய்த்தது. அதன் முன்னால் ஒரு சின்னத் தட்டில் தயிர்ச் சோறு மசித்து வைத்திருந்தது. கோழிக்கடியில் பழைய புடவைத் துணியை நாலாக மடித்துப் போட்டிருந்தார்கள்.

ஜெபதாஸ் அந்தத் தட்டைப் பார்த்தார். பேசாமல் தலையை ஆட்டினால் போதும். போனால் போகுது, கோழிதானே, இந்தா நல்லது ஒண்ணு என்று கறுப்புப் பெட்டையைக் கொடுத்துவிட்டுப் போனால், பெரிய மனுஷன் என்று இந்த வீடு ஆயுசுக்கும் சொல்லும். அந்த வார்த்தை நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. அது வந்ததை உணர்ந்தபோதுதான் தன்மேல் அவருக்கு அருவருப்பே வந்தது.

"நீங்க ஒண்ணும் பண்ணல," என்றார். குரல் எழும்பவில்லை. "அது எங்க வீட்லயே அப்படித்தான் இருந்துச்சு. மாம்பழக் காலத்துலேர்ந்து. எனக்குத் தெரியும். தெரிஞ்சிதான் கூவுனேன்."

கமலம்மா முதலில் ரங்கையாவைப் பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா, நிம்மதியா என்று தெரியவில்லை.

"தெரிஞ்சேவா?" என்றார் ரங்கையா.

"கையால பைய மறைச்சிப் பிடிச்சிக்கினுதான் கூவுனேன்."

ரங்கையா கோழியைத் தூக்கி, கமலம்மா தடவுவதுபோல அதன் பையைத் தடவிக்கொண்டே நின்றார். கத்துவார் என்று ஜெபதாஸ் எதிர்பார்த்தார். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார்.

"நல்லது அண்ணா, சொன்னியே," என்றார் ரங்கையா மெதுவாக. "ஆனா ஒண்ணு. எங்கொட்டகையில மழ பூந்து கெட்டுப்போன வெல்லத்த நீ மண்டியே பாக்க உடைச்ச. அன்னிக்கு நான் சொன்னது ஒருத்தன் காதுலயும் விழல. எம்பையனுக்குப் பொண்ணு பாக்கப் போன எடத்துலகூட, கல்யாண வேட்டி ரங்கையாவான்னு கேட்டாங்க. நீ சொல்றத இங்க கேக்க நாங்க ரெண்டு பேருதான் இருக்கோம்."

ஜெபதாஸ் கறுப்புப் பெட்டை இருந்த கூடையை நீட்டினார்.

"வேணாம்," என்றார் ரங்கையா. "ரெண்டையும் எடுத்துக்கினு போ."

கமலம்மா ஒரு டம்ளரில் மோர் கொண்டுவந்தாள். அதைக் குடிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் குடித்தார். பஸ்ஸில் இரண்டு கோழிகளையும் ஒரே கூடையில் மடிமேல் வைத்துக்கொண்டு வந்தார். கமலம்மா போட்டுக் கொடுத்த புடவைத் துணியும் அதில் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் லோயிஸ் கூடையைத் திறந்தாள். இரண்டும் திரும்பி வந்திருப்பதைப் பார்த்தாள். "வாங்கலியா?" என்றாள். நடந்ததை ஜெபதாஸ் ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் அந்தப் புடவைத் துணியை எடுத்து, கத்தரித்து, கோழியின் மார்படியில் பையைத் தாங்கி முதுகுப்பக்கம் முடிச்சுப் போடுகிற மாதிரி ஒரு கச்சை தைத்தாள். தைத்துக்கொண்டே, "அடுத்த சந்தைக்கு அவரு வருவாரா?" என்று மட்டும் கேட்டாள்.

ரங்கையா வந்தார். தன் வெல்லக் குவியலுக்குப் பக்கத்தில் எப்போதும்போலக் கைகட்டி நின்றார். வழக்கப்படி தானே ஒரு உருண்டையை உடைக்கக் குனிந்தார்.

"இரு ரங்கையா," என்றார் ஜெபதாஸ்.

அவர் கையில் இரும்புக் கம்பி இல்லை. கச்சை கட்டிய கோழி இருந்தது. வியாபாரிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவருக்கு மனுஷர்களிடம் பேசத் தெரிந்தது ஒரே விதந்தான். குரலை உயர்த்திக் கூவுகிற விதம். முடிச்சை அவிழ்த்தார். கோழியைத் தலைக்கு மேல் தூக்கினார். கையை மார்படியில் வைக்கவில்லை. பை எல்லோரும் பார்க்கத் தொங்கியது.

"பாருங்க. இது கோயில் ஏலத்துல நான் கூவுன கோழி. கனமான கோழின்னு கூவுனேன். கனம் இதான். சீக்குன்னு தெரிஞ்சே, கையால மறைச்சிக்கினு, இந்த ரங்கையாகிட்ட வித்தேன். அவரு தூக்கிப் பாக்கக்கூட இல்ல. என் வார்த்தைய நம்பி எடுத்தாரு." சுற்றிலும் ஒருமுறை திரும்பிக் காட்டினார். "அவரு வெல்லத்த மழ கெடுத்துச்சு. இத நான் கெடுத்தேன். கல்யாண வேட்டி நான்தான்."

பின்னாலிருந்து ஒரு சுமைகாரர், "அதுக்குத்தான் கோழிக்கு ஜாக்கெட்டு போட்டுருக்கியா?" என்றார். மண்டி சிரித்தது. நெடுநேரம் சிரித்தது. ஸ்டீவன் சிரிக்கவில்லை, வாயைத் திறந்தபடி நின்றான். சாயங்காலத்துக்குள் காம்பவுண்டு முழுக்கச் சொல்லிவிடுவான் என்று ஜெபதாஸுக்குத் தெரியும். அந்தச் சிரிப்பு எவ்வளவு நேரம் ஒரு மனுஷன் மேல் நிற்கும் என்பதும் அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. மூட்டை ஏற்றுகிற இடத்தில் அடங்கி, எடைபோடும் காட்டாப் பக்கம் மறுபடி கிளம்பி, டீக்கடைவரைக்கும் போயிற்று. அவர் கோழியை இறக்காமல் நின்றார்.

ரங்கையாவும் சிரிக்கவில்லை. குனிந்து ஒரு உருண்டையை எடுத்தார். உடைக்கவில்லை. அப்படியே ஜெபதாஸிடம் நீட்டினார்.

"கூவு," என்றார். "நேரமாவுது."

"கறுப்புப் பெட்டை வீட்ல இருக்குது," என்றார் ஜெபதாஸ், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

ரங்கையா அவர் கையிலிருந்த கோழியைப் பார்த்தார். "வெல்ல வேன் ஊருக்குத் திரும்புறப்ப குடுத்து உடு," என்றார்.

இப்போதும் ஜெபதாஸ்தான் மண்டியில் கூவுகிறார். உடைத்துக் காட்டுகிறார். சில நாள் யாராவது, "உள்ள பாத்தியா அண்ணா, பை கிய் தொங்குதா?" என்பார்கள். அவர் அடுத்த உருண்டைக்குக் கையை விடுவார். யாருடைய வெல்லமாவது உள்ளே கறுத்திருந்தால், அதைத் தூக்கிக் காட்டிவிட்டு, "இது எப்படி ஆச்சு?" என்று முதலில் அந்த ஆளைக் கேட்கிறார். சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கிறார். கோயிலில் அடுத்த பண்டிகைக்கு யார் கூவுவது என்று கமிட்டி இன்னும் முடிவு செய்யவில்லை. அவரும் கேட்கவில்லை.

கோழி இருக்கிறது. கச்சையோடு காம்பவுண்டில் நடக்கிறது. புதிதாக வருகிறவர்கள் பார்த்துச் சிரித்துவிட்டு, "இன்னா இது?" என்று கேட்கும்போது லோயிஸ் உள்ளே போய்விடுகிறாள். ஜெபதாஸ்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அவருக்குக் காது மடல் சூடாகிறது. காலையில் மண்டிக்குக் கிளம்புமுன் கூடையைத் திறந்து, இடதுகையை அதன் மார்படியில் வைத்துப் பையைத் தொட்டுப் பார்க்கிறார். சில நாள் காலியாக இருக்கிறது. சில நாள் நிறைந்திருக்கிறது. நிறைந்திருந்தால் கோழியை மடியில் வைத்துக்கொண்டு, இளகும்வரை தடவிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார்.